அப்பாவின் கம்ப்யூட்டருக்கு வந்த காய்ச்சல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால் என் மனசு ஆறும். இந்த வீட்டில் கொஞ்ச நாளாகப் படுத்துக் கிடந்தது கம்ப்யூட்டர்தான், அதுவும் எழுந்து உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு நீ போனில் என்ன ஆச்சு என்று கேட்டபோது, அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்திக்கொண்டிருந்தார், அதனால் "எல்லாம் சரியாயிடுச்சு" என்று முடித்துக்கொண்டேன். முழுக்கதையையும் நிதானமாக எழுதினால்தான் உனக்குப் புரியும். அதற்கு முன்னால், உன் இருமல் நின்றதா? ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டு ஹீட்டரைப் போட்டுத் தூங்காதே, தொண்டை காயும், ஒரு கிண்ணத்தில் தண்ணீராவது பக்கத்தில் வை.

அப்பாவுக்கு அந்த லேசான பக்கவாதம் வந்து வலது கை மெல்லத் தேறியதும், அப்பா முன்பு வரைபடம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த பழைய எஞ்சினியர் ஒரு வேலை கொண்டுவந்தார், அதுவரைக்கும் உனக்குத் தெரியும். பள்ளிக்கூடக் கட்டடத்துக்குச் சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளம், அதற்கு வரைபடம். "அவசரமே இல்லண்ணே, நிதானமாப் பண்ணுங்க, வெள்ளிக்கிழமை வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவசரமில்லை என்பதற்கும் வெள்ளிக்கிழமைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை, அப்பாவின் முகம் அவ்வளவு தெளிந்திருந்தது. கோடெல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் படத்தைக் கட்டடமாக நிமிர்த்தி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிற இடம் வந்ததும் திரை இருண்டு, பெட்டியே செத்துப் போனது. கரன்ட் போயிற்று என்றார், தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுபடி போட்டார், மறுபடி அதே இடத்தில் அணைந்தது. அப்புறம் வலது கையை மேஜைக்குக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் உட்கார்ந்து மெயில் பார்த்தாலும் சீட்டு விளையாடினாலும் அது அணையவே இல்லை, அதுதான் வினையாகப் போயிற்று. "உனக்கு அணையல, எனக்குத்தான் அணையுது. கைதாம்மா. நடுக்கத்துல எதையோ அழுத்திடுறேன் போல. எஞ்சினியர் தம்பிகிட்ட வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடு" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு முறை அப்படி வந்து, அது எஞ்சினியர் காதுக்கும் போய்விட்டால் அந்த நாற்காலியில் திரும்ப உட்காரமாட்டார் என்று எனக்குத் தெரியாதா. "வர்றப்ப நீங்களே சொல்லிக்குங்க, எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று தள்ளிப் போட்டேன்.

உண்மையைச் சொன்னால், கவலைப்பட்டதைவிட எனக்கு ஆசையாக இருந்தது, என்னதான் அதற்கு என்று பார்த்துவிட வேண்டும் என்று. அத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளுக்கு, நோயாளி ஒருத்தர் கண்முன்னே மயங்கி மயங்கி விழுந்தால் சும்மா இருக்க வருமா. முதலில் அப்பாவைச் சோபாவில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டு, அவருடைய சாய்தளத்தைத் திறந்து நானே திருப்பினேன். கட்டடம் அரை வட்டம் சுற்றியது, பட்டென்று அணைந்தது. "பாருங்க, என் கையிலயும் அணையுது" என்றேன். "என்னைச் சமாதானப்படுத்த நீயே பட்டனை அழுத்தியிருப்ப" என்கிறார். இந்த மனுஷனை என்ன செய்வது சொல். எனக்கோ அதற்குள் ஒன்று விளங்கிவிட்டது. சீட்டு விளையாட்டு அதற்கு உட்கார்ந்த இடத்து வேலை, கட்டடத்தைத் திருப்புவது மாடிப்படி ஏறுவது மாதிரி, ஏறும்போதுதான் மூச்சு வாங்குகிறது.

தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "ஃபேன் சுத்துதாக்கா? சுத்துதுன்னா போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க, பழசை நானே வந்து தூக்கிக்கிறேன்" என்றார். செத்துப்போனதைத் தூக்கிக்கொண்டு போக இவருக்கு ஏன் இவ்வளவு ஆர்வம் என்று தோன்றியது. அதன் சூட்டை எப்படிப் பார்ப்பது என்று மட்டும் கேட்டேன். "ஜுரம் பாக்கணும்னு கேட்ட மொத கஸ்டமர் நீங்கதான்" என்று சிரித்தாலும் சொல்லிக் கொடுத்தார். பெட்டியைப் போட்டவுடனே டெலிட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நீலத் திரை வருகிறது, அதில் ஒரு மூலையில் பெட்டியின் மூளையான பிராசசரின் சூடு எழுதியிருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தேன், தொண்ணூற்றிரண்டு டிகிரி! தண்ணீர் கொதிக்க இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. சரி, சூடான காற்று வருகிறதா என்று பின்பக்கம் கையை வைத்தால் சில்லென்று வருகிறது. உடம்பு உள்ளே கொதிக்க, கைகால் மட்டும் ஜில்லிட்டுக் கிடக்கிற நோயாளிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் சூடு வெளியே வரவில்லை, நடுவில் எங்கேயோ வழி அடைபட்டிருக்கிறது என்று அப்போதே பட்டது.

மறுநாள் காலை வயரையெல்லாம் பிடுங்கிவிட்டு, பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் ஒரு துண்டை விரித்துப் படுக்க வைத்தோம். அப்பா இடது கையில் டார்ச் பிடித்தார், வலது கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. பிராசசருக்கு மேலே ஒரு அலுமினியக் கட்டியும் அதன் தலையில் ஃபேனும் உட்கார்ந்திருக்கின்றன, நாலு மூலையிலும் திருகாணி. கழற்றித் தூக்கினால் பிராசசரின் முகமும் கட்டியின் அடியும் பளபளவென்று இருக்கின்றன, பொட்டு வைத்துக்கொள்ளக் கண்ணாடி தேவையில்லை. "ஏங்க, இது எப்பவும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க இருந்துச்சு! சாம்பல் கலர்ல என்னமோ காஞ்சு அப்பிக் கிடந்துச்சு. நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தப்ப, பொண்ணு தூசி தட்டச் சொன்னாளேன்னு தொறந்தேன். எந்த அஜாக்கிரதைப் பேர்வழியோ பசையைக் கொட்டி வெச்சிருக்கான். ரப்பரால தேச்சு, உன் ஸ்பிரிட்டைப் போட்டுத் துடைச்சு, ஒரு பொட்டு இல்லாம எடுத்தேன்" என்கிறார். வரைபடத்தில் பென்சில் தூள் ஒன்று கிடந்தாலே ஊதித் தள்ளுகிற மனுஷன், விடுவாரா. நான் டார்ச் வெளிச்சத்தில் அந்த இரண்டு கண்ணாடிகளையும் பார்த்துக்கொண்டே நின்றேன். ஸ்கேன் அறையில் நான் வேலை பார்த்தபோது, வயிற்றில் ஜெல் தடவாமல் கருவியை வைத்தால் திரையில் ஒன்றுமே தெரியாது. தொட்டுக்கொண்டுதான் இருக்கும், ஆனால் நடுவில் மயிரிழைக் காற்று இருக்கும், அது போதும் எல்லாவற்றையும் மறிக்க. அப்பா துடைத்தெடுத்தது அழுக்கில்லை, பிராசசரின் சூட்டைக் கட்டிக்குக் கடத்துகிற இந்தப் பெட்டியின் ஜெல்.

கைதான் காரணம் என்று நொந்து போயிருக்கிறவரிடம், காரணம் கை இல்லை, நீங்கள்தான் என்றால் அது எப்படிப் போய் இறங்கும்? கடைக்குப் போய் நடுவில் பூசுகிற பேஸ்ட் வேண்டும் என்றேன். "அது இல்லாமயா இத்தனை நாள் ஓட்டுனீங்க? கெட்டி மெஷின்க்கா, போர்டு போயிடுச்சுன்னு நான் சொன்னதை மறந்துடுங்க" என்று ஒரு சின்ன ஊசிக்குழாயை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடம் நீட்டினேன். நடுவில் ஒரு பட்டாணி அளவுதான் வைக்க வேண்டும், என் கைக்கு அந்த அளவு வராது, கொட்டிவிடுவேன் என்றேன். ஊசிக்குழாய் பிடிப்பதற்கு இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பிறகு வலது கையைப் பையிலிருந்து எடுத்தார். கை நடுங்கத்தான் நடுங்கியது, முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டார், மூச்சைப் பிடித்துக்கொண்டார், பட்டாணி சரியாக நடுவில் உட்கார்ந்தது. அந்தச் சாம்பல் நிறப் பொட்டையே பார்த்துக்கொண்டு இருந்தவர், "இதுதானே நான் தேச்சு எடுத்தது?" என்றார். இனி மறைக்க என்ன இருக்கிறது, ஆமாம் என்றேன். "அப்ப கை இல்லையா?" என்றார். "கை இல்லங்க. அந்தக் கை கொஞ்சம் மோசமாத் தேச்சிருந்தா இந்தப் பாடே இல்ல" என்றேன். வெட்கப்படுவார், கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், நானும் சிரித்தேன், பாதிச் சிரிப்பில் யாருக்கு எதனால் தண்ணீர் வருகிறது என்று நாங்கள் இருவரும் ஆராயவில்லை.

மூடித் திருகி, வயரை மாட்டிப் போட்டோம், நீலத் திரையில் நாற்பத்தொன்று. காய்ச்சல் இறங்கினால் வார்டில் எனக்கு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. சாய்தளத்தை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது அணையவில்லை, பின்பக்கம் கை வைத்தால் இதமான சூட்டுக் காற்று. வெள்ளிக்கிழமை எஞ்சினியர் வந்தபோது படம் தயாராக இருந்தது. "கோடு கொஞ்சம் மெதுவா வருதுப்பா, ஆனா வருது. அந்தப் பள்ளிக்கூடத்து மாடிப்படிக் கைப்பிடி யாரு வரையறா?" என்று அப்பாவே கேட்டார். இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை என்று எஞ்சினியர் சொன்னதும், நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தவர்தான் அப்பா, இதை நான் எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறார்.

புதுக் கம்ப்யூட்டர் அனுப்புகிறேன் என்றாயே, வேண்டாம், அந்தப் பணத்தில் உனக்கு நல்ல கம்பளிக் கோட்டு ஒன்று வாங்கிக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, அலுவலகக் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவராதே. எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. போன் எடுத்ததும் "கை எப்படிப்பா இருக்கு?" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பாய். இனிமேல் அதைக் கேட்காதே கண்ணு. இப்போது என்ன வரைகிறீர்கள் என்று கேள்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா