பம்பாய்க் கம்பெனியை ஊர் கூப்பிட்டது

12-10-53, திங்கள்
காலையிலிருந்து மப்பு. எல்லார் கட்டுமரமும் கடலில், என்னுடையது மட்டும் மணலில். குப்பத்துத் தலைவரான நாட்டாரின் உத்தரவு.

பழைய வலையை விற்று, பம்பாய்க் கம்பெனியிலிருந்து வி.பி.பி.யில் நூல் வரவழைத்தது என் புத்தி. மக்கல் நூல். பின்னிய வலை முதல் தரம் இழுத்ததுமே பொத்தல். கடுதாசிக்குப் பதில் இல்லை. ஸ்மால் காஸ் கோர்ட்டில் பிராது கொடுத்தேன். பம்பாய்க்காரனை மெட்ராஸில் கேட்கலாமா? வக்கீல் குமாஸ்தா சொல்கிறார்: பார்சலுக்குப் பணம் கட்டியது ராயபுரம் தபாலாபீஸில், அதனால் கேட்கலாம். புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

ஊரைக் கேட்காமல் கோர்ட்டுக்குப் போகக்கூடாது. தெரியும். ஆனால் அது நமக்குள் வரும் வழக்குக்குத்தானே? மனைவி மங்காவைக் கேட்டேன். “என்னாண்ட இன்னாத்துக்குக் கேக்குற? கேக்க வேண்டிய எடத்துல கேக்காம வுட்டுட்டு.”

14-10, புதன்
தூறல். அண்டை வீட்டுக் கடன் மீனில் குழம்பு. வெட்கம். இரண்டு தரம் போட்டுக்கொண்டேன்.

நாட்டாரிடம் போனேன். “நைனா, கம்பெனிக்காரன் நம்ம ஆளு இல்லியே.”
“ஆரா இருந்தா இன்னா? ஊரு கூப்ட்டு வரலன்னாதான் கோர்ட்டு. வெள்ளிக்கிழம கோயிலாண்ட கூப்புடறோம். நீ வரலன்னா மரம் கடல்ல எறங்காது.”

வெள்ளிக்கிழமைதான் கோர்ட்டில் வாய்தா. குமாஸ்தாவிடம் ஓடினேன். “பம்பாய்லேர்ந்து எவன்யா வரப்போறான்? வேற தேதி வாங்கிடலாம். நீ ஊரைப் பாரு.” சரி என்று வந்துவிட்டேன். சரியா? தெரியவில்லை.

16-10, வெள்ளி
நல்ல வெயில். அம்மன் கோயில் வாசல். கம்பெனியைக் கூப்பிடும் வேலை ஊர்ச் சேவகன் கன்னியப்பனுக்கு. பம்பாய் எந்தப் பக்கம் என்று கேட்டான். ஆளுக்கொரு திசை காட்டினார்கள். கடைசியில் பெரம்பூர்ப் பக்கம் திரும்பி நின்றான், ரயில் இருக்கிற திக்காம். “பம்பாய் நூல் கம்பெனி, ஊரு கூப்புடுது, வா.” மூன்று தரம். நாய் ஒன்று வந்தது. சிரிப்பை அடக்கினேன். நாட்டார் வெற்றிலை போட்டு முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

தீர்ப்பு: தப்பு கம்பெனி மேல். இனி நான் கோர்ட்டுக்குப் போகலாம். கேட்காமல் போனதற்குக் கோயிலுக்கு எண்ணெய். மரம் இறக்கலாம். எல்லார் முன்னாலும் கண் கலங்கிவிட்டது.

17-10, சனி
கடல் அமைதி. கோர்ட்டுக்குப் போகலாமென்ற சேதியைச் சொல்லக் குமாஸ்தாவிடம் போனேன். தலையைச் சொறிந்தார். நேற்று கம்பெனி தரப்பில் ஒரு வக்கீல் வந்து நின்றாராம், மெட்ராஸ்காரரே. தள்ளிவைக்க ஜட்ஜ் ஒப்பவில்லை. என் பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார்களாம். பிராது தள்ளுபடி. மறுபடி எடுக்க மனு போடலாம் என்கிறார். யார் போடுவது, எதை வைத்து?

கம்பெனி வராத இடத்தில் நான் ஜெயித்தேன். நான் போகாத இடத்தில் கம்பெனி ஜெயித்தது. எது தீர்ப்பு? கரை நெடுக யோசித்து நடந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

மங்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அத்த வுடு. மரம் எறக்கலாம்னு சொல்லிட்டாங்க. வலைக்கு எங்க போவ?”