பீன்ஸ் தொட்டியில் சோம்பு

நாள் 212. காலை 7.10
செவ்வாய், இரண்டாம் குடில். பதிவு செய்பவர் பியூலா, பயிர்ப் பொறுப்பு. குடிலில் இன்னொருவர் கொம்பையா அண்ணாச்சி, இயந்திரப் பொறுப்பு. காற்று, வெப்பம் சீர். பீன்ஸ் பூத்திருக்கிறது. உணவுக் கப்பல் தாமதம். அது வரும்வரை பீன்ஸும் தக்காளியும்தான் பெரும்பகுதிச் சாப்பாடு.

அடுப்பருகே என் மூலிகைத் தொட்டிகள். புதினா, மல்லி நலம். சோம்பு வாடுகிறது, ஆணிவேர் தொட்டியின் அடியைத் தொட்டுவிட்டது. மண்ணோடு பெயர்த்து, பீன்ஸ் தொட்டியின் ஓரத்தில் வைத்தேன். சோம்பைத் தனியாகத்தான் வளர்க்க வேண்டும். அதன் வேர் பக்கத்துச் செடிகளை எழவிடாது. தெரிந்துதான் வைத்தேன். விதை முற்றியதும் எடுத்துவிடலாம்.

நாள் 219. மாலை 6.40
சோம்பு பிழைத்துக்கொண்டது. இலையைக் கிள்ளிப் பருப்பில் போட்டேன். முதலில் முற்றிய கொஞ்சம் விதையை வெந்நீரில் ஊறவைத்து, அண்ணாச்சி வேலைக்குக் கிளம்பும்போது கையில் கொடுத்தேன். டப்பாச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை, வயிறு உப்பிக்கொள்கிறது. தரைக்கடியிலிருந்து தண்ணீர் எடுக்கும் கிணற்றுக் கொட்டகைக்கு வண்டியில் போயிருந்தவர் ரேடியோவில் சொன்னார்:

"ஏ பிள்ள, இப்பதான் வயித்துப் பாரம் எறங்குச்சு. நாளைக்கும் அந்தத் தண்ணி போட்டு வையி."

சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

நாள் 227. காலை 8.00
பீன்ஸ் இலைகள் மஞ்சள். பூக்கள் உதிர்கின்றன. புதிதாகப் போட்ட விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. தக்காளியும் நின்ற இடத்தில் நிற்கிறது. எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர்தான் சுற்றி வருகிறது. சோம்பு வேரின் சாறு எல்லாவற்றிலும் கலந்துவிட்டது.

பூமிக்கு அனுப்பிய அறிக்கையில், 'காரணம் ஆராயப்படுகிறது' என்று எழுதினேன்.

நாள் 229. காலை 9.15
அண்ணாச்சி பூமிக்குப் பேசியது, என் முன்னால்:

"கெணத்து வடிகட்டிய நான்தான் போன மாசம் மாட்டுனேன். சரியா உக்காரல போல. தண்ணியில உப்பு ஏறியிருக்கும். தப்பு என் மேலதான். இன்னைக்கே போயி மாத்திட்டு வந்திருதேன்."

பூமி தடுத்தது. புழுதிக்காற்று வருகிறது, இரண்டு நாள் பொறுங்கள் என்றது. அவர் கேட்கவில்லை. பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்றார். பிள்ளை என்றது என்னை.

நான் வாயைத் திறக்கவில்லை. பயிர் படித்தவள் நான். இவ்வளவு சின்னத் தப்பை எப்படிச் சொல்வது என்று நின்றேன். அவர் வெளியே போக, கதவு மூடியது.

நாள் 229. காலை 11.30
சோம்பைப் பிடுங்கி எரிகலத்தில் போட்டேன். தொட்டித் தண்ணீரை முழுதும் இறக்கிவிட்டு, சேமிப்பிலிருந்து புதுத் தண்ணீர் விட்டேன். அவர் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வேகவேகமாகச் செய்தேன். கையில் இன்னும் அந்த வாசம்.

நாள் 229. பகல் 3.50
ரேடியோவில் அண்ணாச்சி: "மாத்திட்டேன் பிள்ள. பழசும் ஒண்ணும் மோசமில்ல, பாத்தா நல்லாத்தான் இருக்கு. எதுக்கும் புதுசு போட்டாச்சு. கெளம்பிட்டேன். கண்ணு முன்னால ஒண்ணும் தெரியல."

அப்போது சொன்னேன். "அண்ணாச்சி, வடிகட்டில தப்பில்ல. நான் சோம்ப பீன்ஸ் தொட்டியில நட்டுட்டேன். அதான். அவசரப்படாதீங்க, கொட்டகைக்கே திரும்பிப் போங்க."

"என்ன பிள்ள? எரைச்சல்ல கேக்கல. சறுக்குது, இரு."

அதற்குப் பிறகு இரைச்சல் மட்டும்.

நாள் 231
புழுதி அடங்கியது. வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து கிடப்பதைப் பூமி படமெடுத்து அனுப்பியது. இங்கே வேறு வண்டி இல்லை. அவரிடம் இருந்த காற்று நேற்றே தீர்ந்திருக்கும். நான் இன்று வரை கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நாள் 246
பீன்ஸ் முளைத்துவிட்டது. எல்லா விதையும்.

பூமியிலிருந்து: "கொம்பையா மாற்றிய வடிகட்டிதான் பயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அவர் குடும்பத்துக்குத் தெரிவித்துவிட்டோம்."

மறுத்து எழுதினேன். அனுப்பவில்லை.

நாள் 290
முதல் பறிப்பு. வேகவைத்துக்கொண்டிருக்கும்போது மதினியின் குரல் வந்தது. அண்ணாச்சியின் மனைவி, தூத்துக்குடியிலிருந்து.

"அவுக போனது வீணாப் போகலன்னு ஆபீஸ்ல சொன்னாக, தாயி. அத நெனச்சுத்தான் நான் எந்திரிச்சு நடமாடுதேன். நீ ஒத்தையில இருக்க. அவுக காப்பாத்திக் குடுத்தத வயிறாரச் சாப்பிடு."

பதில் பேசும் பொத்தானை அழுத்தினேன். சொல்ல வேண்டியது முழுதும் வாயில் இருந்தது. மதினி, அவர் போயிருக்கவே வேண்டாம். போக வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை...

"சாப்பிடுதேன் மதினி" என்றேன். அது போய்விட்டது.

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் மதினியிடம் சொல்லிவிடுங்கள். இல்லை, சொல்லாதீர்கள். எது சரியென்று எனக்குத்...

சாப்பிட்டுத் தட்டைக் காலி செய்துவிட்டேன்.