பட்டை போட்ட நாலு கம்பி

என்னை அதட்டும் உரிமையுள்ள ஒரே ஆளான என் வீட்டுக்காரிக்கு,

நான் யானை பலத்தோடு இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே வீடுகளில் விளக்கு, கேமரா, கதவுப்பூட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே கேபிளில் கரண்டும் வரும், இன்டர்நெட்டும் வரும். இந்த வித்தையில் என்னை அடிக்க ஆளில்லை. நேற்று ஒரு பூட்டின் கேபிள் முனையை மாற்றினேன். அதனுள் இருக்கும் எட்டுக் கம்பியில் இரண்டு இடம் மாறி, பூட்டு செத்து, கதவு திறக்க மறுத்துவிட்டது. வெளியே என்னோடு நம்மூர்த் தமிழ் பேசும் வீட்டம்மா நிற்க, உள்ளே அவருடைய கைக்குழந்தை அலறுகிறது. திரும்பக் கோர்க்கப் போனால், வெவ்வேறு நிறத்தில் பட்டை போட்ட வெள்ளைக் கம்பி நாலும் ஒன்றாகவே தெரிகிறது.

"அண்ணே, அது பழுப்பு! பச்சை இந்தப் பக்கம்! கண்ணு தெரியலையா?" என்று அழுதுகொண்டே அவர் நிறம் சொல்ல, நான் கோர்த்தேன்.

"கழுகுக் கண்ணும்மா, தூசி விழுந்துடுச்சு" என்றேன். கதவு திறந்தது. குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

கிழவன் மாதிரி இருக்கிறதென்று நான் விட்டுவந்த கண்ணாடியைத் தபாலில் அனுப்பு. இங்கே வாங்கினால் அறைக்காரர்கள் மேனேஜரிடம் ஊதிவிடுவார்கள், அவர் என்னை விமானம் ஏற்றிவிடுவார். போனிலும் இதைப் பேசாதே. உன் தம்பி பிள்ளைகளிடம் மாமா இன்ஜினியர் ஆகிவிட்டார் என்று சொல்.

வண்டி ஹாரன் அடிக்கிறது. அடுத்த மாதம் யாரும் குடிவராத புதுவீட்டில் வேலை. அங்கே நிறம் சொல்ல ஆள் இருக்காது.

உன் வீட்டுக்காரன்