ஐம்பத்து நாலு துடிப்பு

மார்ச் 4

அன்புத் தங்கை வாயாடிக்கு,

நானும் உன் அண்ணியும் சுகம். போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் வைத்துவிடுகிறேன். காகிதம் கத்தாது, அதனால் எழுதுகிறேன்.

நெஞ்சு டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒன்பது நாளாக நான் தொடவில்லை. உன் அண்ணிக்குத் தெரியாது, உளறி வைக்காதே. முன்பு என் நாடி நிமிடத்துக்கு எண்பத்தெட்டு. மாத்திரை போட்ட பிறகு ஐம்பத்து நாலு! கடிகாரத்தை வைத்து மூன்று தடவை எண்ணினேன். ஏற்கெனவே திணறுகிறவனை இன்னும் மெதுவாக்கவா மருந்து? பீரோ கனத்தால் பிடியை இறுக்குவேனா, தளர்த்துவேனா? இருபத்தாறு வருடமாக வீடு மாற்றுகிறவர்களின் சாமானைச் சுமக்கிறேன். பாரம் பற்றி எனக்கே பாடமா?

மூன்றாவது மாடி ஏறும்போது மட்டும் நெஞ்சில் ஒரு பிடிப்பு. கயிற்றைச் சரிசெய்வதுபோல நின்றுகொள்வேன். மற்றபடி கல் மாதிரி இருக்கிறேன். இருபதாம் தேதி ஐந்தாவது மாடிக்கு ஒரு பியானோ ஏற்ற வேண்டும், அங்கே லிஃப்ட் கிடையாது. அதை முடித்துவிட்டு டாக்டரைப் பார்க்கிறேன்.

உன் அண்ணன்


மார்ச் 8

பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய அண்ணாவுக்கு,

கடிதத்தைப் படித்த கையோடு அண்ணிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அண்ணி உங்களை இந்நேரம் டாக்டரிடம் இழுத்துப் போயிருப்பார். ஐம்பத்து நாலு என்பதையும் அவரிடம் சொன்னீர்களா?

பதினோரு வருடமாக ஆஸ்பத்திரியில் ஆட்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டு, அவர்கள் இதயம் வரையும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்றுவரை எனக்கு வியப்பு அடங்கவில்லை. கையும் காலும் சும்மா இருக்கையில், ரத்தம் கொண்டுவரும் ஆக்ஸிஜனில் கால் பங்கைத்தான் எடுக்கும். இதயம் அப்படியில்லை. நாம் படுத்துக் கிடக்கும்போதே முக்கால் பங்கை வழித்துத் தின்றுவிடும். இன்னும் வேண்டுமென்றால் மிச்சத்தில் ஒன்றும் பெரிதாக இல்லை, ரத்தமே கூடுதலாக வந்தாக வேண்டும். நல்ல இதயத்தில் குழாய்கள் உடனே விரிந்து நாலைந்து மடங்கு விடும். யார் சொல்லிக் கொடுத்தார்கள் அதற்கு? அடேயப்பா என்றிருக்கும் எனக்கு. உங்களுக்கு ஒரு குழாயில் அடைப்பு. இதயம் கேட்டாலும் அந்தக் குழாயால் கொடுக்க முடியவில்லை.

இப்போது முஷ்டியை இறுக்கி மூடித் திறங்கள். உள்ளங்கை வெளுத்திருக்கும், பிறகு சிவக்கும். இதயமும் இறுகும்போது தன் குழாய்களையே நெரித்துக்கொள்கிறது. இரண்டு துடிப்புக்கு நடுவில் தளரும்போதுதான் அதற்குச் சாப்பாடு, பெரும்பாலும். வேகமாகத் துடித்தால் வேலை கூடும், சாப்பாட்டு நேரம் குறையும். உங்கள் மாத்திரை அந்த நேரத்தைத்தான் நீட்டிக் கொடுக்கிறது. அதைப் போய் எமன் என்று நினைத்தீர்களே, மகானுபாவரே!

நீங்கள் சாமான் சுமந்து படி ஏறியதால்தான் நான் படித்தேன். ஊரில் உள்ள நெஞ்சையெல்லாம் பார்க்கிறேன், உங்களுடையதைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. உங்களை இழக்க எனக்குத் தெம்பு கிடையாது, அண்ணா. அந்தப் பியானோவைத் தொடாதீர்கள்.

உங்கள் வாயாடி


மார்ச் 21

அன்புத் தங்கைக்கு,

காட்டிக் கொடுத்துவிட்டாயே! உன் அண்ணி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேச ஆரம்பித்தாள், அதற்கு அந்த இரண்டு நாளே தேவலை. டாக்டர் என்னை உட்காரவைத்துத் திட்டினார். தலைசுற்றல் இல்லாதவரை ஐம்பத்து நாலில் ஒரு தப்பும் இல்லையாம். மாத்திரை மறுபடி போடுகிறேன். ஏப்ரல் இரண்டாம் தேதி அடைப்பை நீக்குகிறார்கள். அதுவரை ஒரு தலையணைகூடத் தூக்கக் கூடாதாம்.

முஷ்டியை மூடித் திறந்து பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாளைக்கு எனக்கு எழுபது வயதானாலும் என் தங்கை சொல்லித் தெரிந்துகொள்ள இன்னும் இருக்கும்போல. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

நேற்று பியானோ. சத்தியமாக நான் தொடவில்லை. எப்படித் திருப்புவது என்று சொல்ல மட்டும் வெறுங்கையோடு பின்னால் ஏறினேன். இரண்டாவது மாடி திருப்பத்தில் நெஞ்சில் பிடித்துக்கொண்டது. கை தன்னால் கயிற்றைத் தேடியது, கயிறு என்னிடம் இல்லை. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். "நில்லுங்கப்பா, எனக்கு நெஞ்சு வலிக்குது" என்றேன். வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது.

அவசரத்துக்கென்று டாக்டர் கொடுத்திருந்த, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வைத்தேன். பியானோவுக்குச் சொந்தக்கார அம்மா ஓடிப்போய், நாங்கள் வண்டியிலிருந்து இறக்கியிருந்த சாமானில் ஒரு நாற்காலியை எடுத்து வந்து, "முதல்ல உக்காருங்கண்ணே, பியானோ எங்கயும் ஓடிடாது" என்றார். சில நிமிடத்தில் வலி விட்டுவிட்டது. அப்புறம் உன் அண்ணி வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் காட்டினாள், பயமில்லை என்றார்கள். பியானோவை மற்றவர்கள் ஏற்றிவிட்டார்கள், ஒரு கீறல் இல்லை.

எத்தனை ஆயிரம் நாற்காலி சுமந்திருப்பேன், வாயாடி. சுமந்த நாற்காலி ஒன்றில் நான் உட்கார்ந்தது நேற்றுத்தான்.

உன் அண்ணன்