பொறுமைக்கு இருநூற்றுப் பதினொன்று

பிப்ரவரி 9
கவிதைகளில் எந்தப் பூ எந்தக் குணத்துக்கு நிற்கிறது என்பது என் ஆய்வு. இன்று பொறுமை பற்றிய இயலை முடித்தேன். தூய்மைக்கும் அடக்கத்துக்கும் ஐம்பது அறுபது குறிப்பட்டைகள்தான் தேறின. பொறுமைக்கு மட்டும் இருநூற்றுப் பதினொன்று. நெறியாளருக்கு மகிழ்ச்சி.

பிப்ரவரி 12
அக்கா பையோடு வந்து நிற்கிறாள். இடது கண்ணுக்குக் கீழே கன்றிப் போயிருக்கிறது. கதவில் இடித்துக்கொண்டாளாம். நான் எதுவும் கேட்கவில்லை, அதற்குள் சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி 13
கதவு இல்லை. அத்தான். மூன்று வருடமாக.
அவள் கல்யாணத்துக்கு நான் எழுதிய வாழ்த்துக் கவிதை சட்டத்துக்குள் அவர்கள் கூடத்தில் தொங்குகிறது. அடித்து முடித்ததும் அதன் முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொல்வாராம். 'கசக்கினாலும் மணப்பாள்' என்ற வரியை.
"உன் தங்கச்சியே எழுதிக் குடுத்திருக்கா. எங்க, மணக்கலையே?"
அன்று மேடையில் அந்த வரிக்குத்தான் கைதட்டினார்கள். அய்யோ, என் கையெழுத்து அது.

பிப்ரவரி 15
என் அட்டைகளைப் புரட்டிய அக்கா, "கள்ளிக்கு ஒண்ணுகூட இல்லையாடி?" என்றாள். சிரித்தோம். சிரித்தால் அவளுக்கு விலா வலிக்கிறது.

பிப்ரவரி 16
அம்மா போனில், அடிக்கிற கைதான் அணைக்கும் என்றாள். அப்பா உன்னை அடிச்சாராம்மா என்று கேட்டேன். வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 18
எல்லா அட்டைகளையும் தரையில் பரப்பினேன். வெயில் தாங்கிய பூ. முள்ளோடு வாழ்ந்த பூ. மிதிபட்ட பூ. பூவுக்கு ஏது பொறுமை? ஓடக் கால் இல்லை, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை புத்தகம் வேண்டியிருந்ததா?

பிப்ரவரி 20
அத்தான் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். இனிமேல் கை ஓங்க மாட்டாராம். அம்மா அழுதாள். நான் அக்காவைத் தனியே இழுத்து, போகாதே என்று கெஞ்சினேன்.
"அன்னிக்கு அத்தனை பேர் கைதட்டினாங்களேடி. அவங்க முன்னாடி எப்படி வந்து நிப்பேன்?"
போய்விட்டாள்.

பிப்ரவரி 23
அந்த இயலை எடுத்துவிடலாமா என்று நெறியாளரிடம் கேட்டேன். "அதுதானேம்மா நல்லா வந்திருக்கு" என்றார்.

மார்ச் 2
பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. நான்கு நாளாக அக்காவின் போனை அத்தான்தான் எடுக்கிறார். தூங்குகிறாள் என்கிறார். இன்று காலை பதினொரு மணிக்கும் தூங்குகிறாளாம்.
போய்ச் சேர இன்னும் மூன்று மணி நேரம்.