வளைவு வரைக்கும்

6.1.2013, ஞாயிறு

மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் பஸ் ஏறிவிட்டேன். முட்டி வலித்தது. ஆனாலும் ஓய்வு பெற்ற பிறகு என் பாடத்தைக் கேட்க ஆள் இருப்பது அங்கே மட்டும்தான்.

தம்பி சவுரிராயன் உப்பங்கழியில் இரண்டு மோட்டார் படகு வைத்திருக்கிறான். சென்னையிலிருந்தும் பாண்டியிலிருந்தும் வருகிறவர்களை முகத்துவாரம் வரை கூட்டிப்போய், தூண்டில் போட்டு மீன் பிடிக்க வைத்துத் திரும்ப அழைத்து வருவது தொழில். ஏறும் முன் அவர்களுக்குப் பாதுகாப்பு சொல்வது நான். "நான் சொன்னா சிரிக்கறானுங்கக்கா. நீ சொன்னா வாய மூடிக்கினு கேக்கறாங்க" என்பான்.

இன்று குடத்தை உதாரணம் சொன்னேன். இடுப்பில் இருக்கிற குடம் நிற்கும்; தலைக்கு ஏற்றினால் ஆடும். படகில் உட்கார்ந்திருப்பவர் இடுப்புக் குடம், எழுந்து நிற்பவர் தலைக் குடம். மீன் சிக்கியதும் எல்லோரும் ஒரே பக்கம் பாயக்கூடாது. லைஃப் ஜாக்கெட்டைக் கரைக்குத் திரும்பும் வரை கழற்றக்கூடாது.

ஒரு தொப்பைக்காரர், "ஆம்பளைக்கும் ஜாக்கெட்டா டீச்சர்? கொக்கி எட்டலியே!" என்றார். அவர் மனைவி, "மூச்ச இழுத்துப் புடி, எட்டும்" என்றாள். சிரித்துக்கொண்டே எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். எனக்கு அது போதும்.

சவுரிராயன் நான் பேசியதைப் போனில் பதிவு செய்துகொண்டான். வீட்டில் போட்டுக் காட்டுவானாம். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

9.1.2013

முட்டிக்கு எண்ணெய். மல்லாட்டைக் கடலை வேகவைத்துத் தின்றேன். வேறொன்றும் இல்லை.

16.1.2013, காணும் பொங்கல்

படகுத்துறையில் திருவிழாக் கூட்டம். முதல் படகு போய் அரை மணி கூட ஆகவில்லை, இரண்டாவது படகுக்கு ஆள் சேர்ந்துவிட்டது. தம்பி அவர்களுக்கும் ஜாக்கெட் கொடுத்தான். ஒன்றின் பட்டையில் கனகாம்பரம் ஒரு துண்டு சிக்கியிருந்தது. முதல் படகில் ஏறிய பெண்ணிடம் நான்தான், "பூவை ஒதுக்கிக்கம்மா, பட்டையில மாட்டும்" என்று சொல்லி அனுப்பினேன். அவள் இன்னும் தண்ணீரில் இருக்கிறாள். அவள் பூ எப்படிக் கரைக்கு வந்தது?

தம்பியைக் கேட்டேன். "நேத்து பூவா இருக்கும்க்கா" என்றான்.

ஒரு நாள் வெயில் பட்ட பூ அப்படியா இருக்கும்? துளிகூட வாடவில்லை. ஆனால் தம்பி சொல்கிறான். சரி.

20.1.2013, ஞாயிறு

இன்று நானும் படகில் ஏறினேன். "இந்த வெயில்ல உனக்கு இன்னாத்துக்குக்கா?" என்று தடுத்தான். கேட்கவில்லை.

படகுத்துறை கண்ணுக்கு மறைகிற இடத்தில் ஒரு வளைவு. இரு பக்கமும் வேலிகாத்தான் புதர். அங்கே படகோட்டி மாசிலாமணி மோட்டாரைத் தணித்துக் கரையோரம் ஒதுக்கினார். "இனிமே நல்லா காத்து வரும் சார். கழட்டிட்டு ஃப்ரீயா உக்காருங்க."

ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள்: "டீச்சர் கழட்டக்கூடாதுன்னாங்களே?"

மாசிலாமணி என்னைப் பார்த்தார். உடனே வேறெங்கோ பார்த்தார். "குடம் சொன்னாங்க இல்ல? உக்காந்துகினு இருந்தா ஒண்ணியும் ஆவாது."

என் குடம்! என் குடத்தையே காட்டிக் கழற்ற வைக்கிறார்!

"வேணாம், கழட்டாதீங்க" என்று நான் எழுவதற்குள் பாதிப் பேர் கழற்றிக் கரையில் எறிந்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்து மீதிப் பேரும் கழற்றினார்கள். வியர்வை, பாவம். கரையில் ஒருவன் டி.வி.எஸ். ஃபிஃப்டியோடு தயாராக நின்றான். அள்ளி அடுக்கிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் பறந்துவிட்டான். அடுத்த படகுக்கு.

ஆழம் தொடங்குவதே அந்த வளைவுக்கு அப்புறம்தான். நான் மட்டும் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தேன். பயந்த கிழவியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

திரும்பியதும் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இருக்கறதே பதினஞ்சுக்கா. ரெண்டு படகு ஓடுது. நான் இன்னா பண்ண?"

"ஒரு படகு ஓட்டு."

"சீசன்ல படகக் கட்டிப்போடச் சொல்றியா? இத்தினி வருசத்துல எவனாவது செத்தானா?"

"அப்ப நான் எதுக்குடா மாங்கு மாங்குன்னு பேசறேன்?"

"ஏறும்போது அவங்களுக்குப் பயம் போவணும் இல்ல? அதுக்குத்தான் நீ."

21.1.2013

அதுக்குத்தான் நீ.

27.1.2013, ஞாயிறு

போகவில்லை. எல்லோருக்கும் திரும்பி வரும் வரை ஜாக்கெட் இருந்தால்தான் வருவேன் என்று போனில் சொன்னேன். "சரிக்கா, நீ ரெஸ்ட் எடு" என்றான். கெஞ்சுவான் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை கூட வாதாடவில்லை. ஏன்?

5.2.2013, செவ்வாய்

ஏன் என்று இன்று தெரிந்தது.

வெனிலா போன் செய்தாள். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள், இப்போது குயிலாப்பாளையத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கணவனோடும் நாலு வயதுப் பெண்ணோடும் தம்பியின் படகில் போயிருக்கிறாள்.

"உங்க கொரலக் கேட்டுத்தான் டீச்சர் ஏறுனோம்."

"என் குரலா? நான் அங்கே வரவே இல்லையே."

"ஸ்பீக்கர்ல போட்டாங்க டீச்சர். குடம் சொன்னீங்களே. இவர்கிட்ட சொன்னேன், எங்க டீச்சருங்க, இவங்க இருந்தா பயமே இல்லன்னு."

வளைவில் ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டார்கள். முகத்துவாரத்தில் யாரோ ஒருவர் தூண்டிலில் பெரிய கொடுவா சிக்கியது. பார்க்கிற ஆசையில் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்தார்கள். படகு சாய்ந்தது. குழந்தை தண்ணீரில். மாசிலாமணி குதித்து, கவுன் நுனியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். நேற்று வரை பாண்டியில் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டது. பக்கெட்டில் தண்ணீரைப் பார்த்தாலே கத்துகிறதாம்.

"அவரு போலீஸ்ல கம்ப்ளெயிண்ட் குடுக்கலாம்னாரு. உங்க தம்பின்னு தெரிஞ்சதும் வேணாம்னு வுட்டுட்டாரு டீச்சர்."

"வுடாத. குடு" என்றேன்.

போனை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். அடப்பாவி, என்னிய ஏமாத்துன, சரி, கூடப் பொறந்தவன்னு வுட்டுடுவேன். நான் வரமாட்டேன்னு சொன்னப்புறமும் என் தொண்டையை எடுத்து வச்சிக்கினு ஆள் ஏத்தறியே! என்னை நம்பின பொண்ணோட கொழந்தடா அது!

10.2.2013, ஞாயிறு

படகுத்துறைக்குப் போகவில்லை. ஷேர் ஆட்டோவில் இறங்கி, குடை பிடித்துக்கொண்டு கரையோடு நடந்து வளைவுக்குப் போய் நின்றேன். டி.வி.எஸ். ஃபிஃப்டிக்காரன் அங்கே இருந்தான். தலையைச் சொறிந்தான். தூரத்தில் என் குரல் கேட்டது. இடுப்புக் குடம், தலைக் குடம். எவ்வளவு அன்பாகப் பேசியிருக்கிறேன்!

படகு வந்து தணிந்தது. கொக்கியில் கை வைத்தார்கள். நாற்பது பிள்ளைகளை அடக்கிய தொண்டையைத் திறந்தேன்.

"யாரும் கழட்டாதீங்க! இதுக்கப்புறம்தான் ஆழம்! கரைக்குத் திரும்பற வரைக்கும் கழட்டக்கூடாது!"

"ஏய், ஸ்பீக்கர்ல பேசுன அம்மாடா இது!" என்றான் ஒருவன்.

கைகள் நின்றன. ஓர் அம்மாள் மாசிலாமணியைப் பிடித்துக்கொண்டாள்: "இன்னாய்யா, டீச்சரு வேணான்னுது, நீ கழட்டுன்ற? யாரு பேச்சைக் கேக்கறது?"

"டீச்சரு பேச்சையே கேளும்மா" என்று மாசிலாமணி மோட்டாரை முடுக்கிவிட்டார். வண்டி வெறுமனே திரும்பியது.

சற்று நேரத்தில் சவுரிராயன் கரையோடு ஓடி வந்தான். படகுத்துறையில் இரண்டாவது படகுக்கு நின்றவர்கள், ஜாக்கெட் இல்லை என்றதும் சத்தம் போட்டுவிட்டுக் கலைந்து போய்விட்டார்களாம்.

"கூடப் பொறந்தவளாடி நீ?"

இத்தனை வயதில் என்னை அவன் "டி" போட்டதில்லை. நான் குடையை மடக்காமல் அப்படியே நின்றேன்.

13.2.2013, சாம்பல் புதன்

கோயிலில் தம்பி என்னைப் பார்த்தான். பார்க்காத மாதிரி போனான். வெனிலாவின் புகாரைப் போலீஸ் விசாரித்ததாம். சாம்பல் வாங்கிய நெற்றியோடு வீட்டுக்கு வந்து அழுதேன்.

24.2.2013, ஞாயிறு

இன்றும் வளைவுக்குப் போனேன். ஸ்பீக்கர் சத்தம் இல்லை. கரையில் வண்டியும் இல்லை. ஒரே ஒரு படகுதான் ஓடுகிறது.

பதினைந்து பேர் வந்தார்கள். பதினைந்து பேரும் ஜாக்கெட்டோடு. என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள், யாரென்று தெரியாமலே. முன்னால், தூண்டில் கட்டோடு, சவுரிராயன் உட்கார்ந்திருந்தான். படகோட்டிக்குத் துணையாக வரும் ஆளை நிறுத்திவிட்டு இவனே போகிறான் போல. அவன் மேல் வெறும் சட்டை.

"தம்பி, நீயும் ஒண்ணு போடுடா!" என்று கத்தினேன்.

கேட்டது. கேட்டுத்தான் முகத்தை எதிர்க்கரைப் பக்கம் திருப்பிக்கொண்டான். படகு வளைவைத் தாண்டிப் போய்விட்டது.

அவனுக்கு நீச்சல் தெரியாது.