கடைசி அத்தியாயத்தில் அவள் வந்துவிடுகிறாள்

என் கண்ணு,

நீ சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. இந்த மாதக் கடைசிக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் மிச்சப் பார்வையும் போய்விடும், போனது திரும்பாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவரோ மாட்டேன் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். எல்லாம் அந்தச் சினிமாவால் வந்த வினை. அதற்கு அவரைக் கூட்டிப்போன புத்திசாலி நான்தான்.

நம் படகுத்துறைக் கதையைப் படமாக எடுத்திருக்கிறார்கள். அப்பா உனக்குப் படித்துக் காட்டியே அட்டை நைந்துபோன அதே புத்தகம். கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிட்டால் மனசு தேறி ஆபரேஷனுக்குக் கிளம்புவார் என்று நினைத்தேன். முதல் பாதியைக் குறை சொல்ல முடியாது. துறையும், காவல்காரரின் ஒற்றை அறையும், அக்கரைக்குப் போன தன் பெண்ணுக்காக அவர் தினமும் ஏற்றி வைக்கும் விளக்கும் நாம் நினைத்து வைத்திருந்த மாதிரியே இருந்தன. காவல்காரர்தான் மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தார். அப்பா ஒவ்வொரு வசனத்தையும் முந்திக்கொண்டு சொல்ல, முன்சீட்டுக்காரர் திரும்பி, பெரியவரே நீங்களே நடிச்சிருக்கலாமே என்றார். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. புத்தகத்தில் அந்தப் பெண் திரும்பி வந்துவிடுகிறாள் அல்லவா, இந்தப் பாவிகள் அப்பன் செத்த பிறகு அவளைக் கொண்டுவந்து பூட்டிய கதவைத் தட்ட விட்டிருக்கிறார்கள். மழை வேறு, வயலின் வேறு.

வீட்டுக்கு வந்ததும், இவன்தான் சரியா எடுத்திருக்கான், போனவங்க எங்க வராங்க என்றார். புத்தகத்துல வராளே என்றேன். அதை யாரு கண்டா என்று கேட்டாரே பார். கடைசி அத்தியாயத்தை மட்டும் எப்போதும் நீதான் படிப்பாய், அவர் கண்ணை மூடிக் கேட்பார், அதுதானே நம் வீட்டு வழக்கம். நீ அவருக்காக மாற்றிப் படித்திருப்பாயாம், தாயைப் போல பிள்ளையாம். நீ அழுவாய் என்று நான் படிக்கிற கதையில் எல்லாம் செத்தவர்களைப் பிழைக்க வைப்பேனே, அந்த வினை இப்போது என் தலையில் விடிந்திருக்கிறது. புத்தகத்தை எடுத்து வரி பிசகாமல் படித்தேன், நம்பவில்லை. மாடி வீட்டுத் தையல்காரியைக் கூட்டிவந்து படிக்கச் சொன்னேன், அவளுக்கும் நீ சொல்லிக் குடுத்திருப்பே என்கிறார். தானே படித்துப் பார்க்கக் கண் இல்லை. மிச்சப் பார்வையையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றால், பார்த்து என்ன ஆகப்போகுது, வரப்போறது யாரு என்கிறார். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை கண்ணு. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறேன்.

போனில் படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லாதே, போன் அடித்தாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார். அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று நீயும் சொல்லிக்கொண்டே இருக்கிறாய், உன் வேலையின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இந்தக் கண் அடுத்த வருஷத்துக்குக் காத்திருக்காது.

எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வந்தால் கதவைத் தட்டாதே, தட்டுவது சினிமாவில். புத்தகத்தில் அவள் வாசலில் நின்று அப்பா என்று ஒரே ஒரு தடவை கூப்பிடுவாள், அவருக்கு அது போதும். நீ கிளம்பிவிட்டாய் என்று இன்று காலையில் அவரிடம் சொல்லிவிட்டேன். உன்னைத் தெரியாதா, கதையில நீ யாரைத்தான் சாக விட்டிருக்கே என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இந்த ஒரு தடவை நான் சொன்னதை நிஜமாக்கிவிடு.

உன் வழியையே பார்த்திருக்கும்
அம்மா